ஜெத்ரோ தேய்த்த பென்னி

பட்டாணியைத் துணியில் முடிந்து வேகவைக்கும்போது முடிச்சைக் கொஞ்சம் தளர்வாகப் போட வேண்டும், ஐயா. பட்டாணி ஊதுவதற்கு இடம் வேண்டும். இறுக்கிக் கட்டினால் ஓரமெல்லாம் குழைந்து நடுவில் கல்லாக நிற்கும். என் கடையில் வேலை செய்த செலினாவுக்கு இதை நான் நாலைந்து தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று காலையும் அவள் இறுக்கித்தான் கட்டியிருந்தாள். அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் நான் கொப்பரைமேல் குனிந்தேன். அவள் சரியாகக் கட்டியிருந்தால் நான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அதற்காக நான் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல பெண். கை வேலை மட்டும் கொஞ்சம் அவசரம்.

உங்கள் எழுத்தர் மெதுவாக எழுதுகிறார். நானும் மெதுவாகவே சொல்கிறேன். என் பெயர் டார்கஸ் பிளைத். வயது நாற்பத்தாறு. பிளைத் இறந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. பெரிய சிறையின் வாசலுக்கு நேர் எதிரே, நீல நிறக் கதவு போட்ட சாப்பாட்டுக் கடை என்னுடையது. மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விடுவேன். காலையில் பட்டாணிக் களி, மதியம் ஆட்டிறைச்சி அப்பம். கையில் காசுள்ள கைதிகள் வெளிச்சாப்பாடு வாங்கிக்கொள்ளலாம் என்பதால் தினமும் இரண்டு கூடைகளை நானே உள்ளே கொண்டுபோவேன். வாசல் காவலர் பக்கிள் என் கூடையைச் சோதித்ததே இல்லை.

"வாங்க பிளைத்தம்மா," என்பார். "உள்ள இருக்கிறவன் ஒருத்தனுக்கும் தூக்குக் கயிறு ஞாபகமே இல்ல. உங்க களி ஞாபகம்தான்."

"கயித்தைவிட அது லேசா இறங்குதேன்னு நினைப்பாங்க," என்பேன் நான். இப்படித்தான் பன்னிரண்டு வருடம் போயிற்று.

நாணயங்களைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்குத் தெரியாதது இல்லை. தண்டனையாகக் கடல் கடந்து அனுப்பப்படுகிற கைதி போவதற்கு முன்னால் ஒரு பென்னி கேட்பான். சில்லறைப் பென்னி இல்லை, பழைய ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பெரிய செப்புப் பென்னி. கையில் வைத்தால் கனமாக உட்காரும். அதைத் தரைக்கல்லில் வைத்துத் தேய்ப்பான். முதலில் மன்னரின் மூக்கு போகும், பிறகு தலையில் சூடிய இலை, பிறகு கன்னம். ஒரு வாரம் தேய்த்தால் முகம் பார்க்கும் அளவுக்கு வழவழப்பாகிவிடும். அதில் மனைவியின் பெயரையோ தாயின் பெயரையோ செதுக்குவான். பக்கத்தில் ஒரு குருவி, ஒரு கப்பல், அம்பு தைத்த இதயம். செதுக்கத் தெரிந்த கைதி எவனாவது இருந்தால் ஒரு குவளை பீருக்கு எல்லோருக்கும் செய்து கொடுப்பான். அப்படி ஒருவன் இல்லாதபோது அவரவர் ஆணியை வைத்து அடித்துக்கொள்வார்கள். செய்து முடித்ததும் காலியான களிப் பாத்திரத்தில் போட்டு என்னிடம் தருவார்கள். நான் வெளியே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் கொடுத்தேன். மழையில் நடந்துபோய்க்கூடக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை, ஆறு வருடத்துக்கு முன்பு, ஒருவனின் மனைவி வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டாள். நாணயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் விசாரிக்கலாம் என்று அடுப்பு மேடையில் வைத்தேன். அப்பத்துக்கு மாவு பிசையும்போது கண் அதன்மேலேயே போயிற்று. 'அன்பே, நான் இருக்கும்வரை நீ இருப்பாய்' என்று எழுதியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

பிளைத் என்னோடு பதினோரு வருடம் வாழ்ந்தார். கெட்டவர் இல்லை. என்னை 'ஏய்' என்று கூப்பிடுவார். பக்கத்தில் யாராவது இருந்தால் 'ஏம்மா' என்பார். சாகும்போது கடைசியாக அவர் கேட்டது கடுகு.

அந்த நாணயத்தை நான் மறுநாள் விசாரிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அடுத்த மாதம் இன்னொருவன் கொடுத்தான். அவன் மனைவி எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், இரண்டு தெரு தள்ளித்தான். அதையும் வைத்துக்கொண்டேன்.

பெண்கள் கடைக்கு வந்து கேட்பார்கள். நான் யாரையும் விரட்டியதில்லை. மெர்சி என்று ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். அவள் கணவன் ஆட்டுத் திருடன்.

"எனக்குன்னு ஏதாச்சும் குடுத்தாரா, பிளைத்தம்மா?"

"இல்லையேம்மா."

"எல்லாரும் பொண்டாட்டிக்கு ஒரு பென்னி அனுப்புவாங்களாமே. நல்லாத் தேடிப் பாருங்களேன். சின்னதாக்கூட இருக்கலாம்."

"இருந்தா உன்கிட்ட குடுக்காம நான் என்னம்மா பண்ணப்போறேன்? உக்காரு. சூடா ஒரு கிண்ணம் கூழ் குடிச்சிட்டுப் போ."

மூன்று நாள் வந்தாள். மூன்றாம் நாள் கூழில் இரண்டு துண்டு இறைச்சியும் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு வரவில்லை. குழந்தையைத் தேவாலய வாசலில் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டாள் என்று பக்கிள் சொன்னார். ஒரு குருவி, இரண்டு கோப்பை, ஒரு புகைக்குழாய்: அவள் கணவன் அனுப்பியதில் இருந்த படங்கள் இவை. அனாதை விடுதியில் குழந்தை இரண்டு வாரம்தான் உயிரோடு இருந்தது. பெண்கள் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் எவ்வளவோ நல்லது நடக்கும், ஐயா.

மாவுப் பீப்பாய்க்கு அடியில் நாற்பத்தொரு நாணயம் இருந்ததாக உங்கள் ஆட்கள் எண்ணிச் சொன்னார்களாம். நான் எண்ணியதில்லை. தனக்கு வந்த கடிதங்களை யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மூடிவிட்டு, அவற்றை எடுத்துத் துடைத்துப் படிப்பேன். அவ்வளவுதான். அவற்றில் ஒரே ஒரு குறைதான் எனக்குத் தெரிந்தது. மார்த்தா என்றும் கிட்டி என்றும் அன்புள்ள அம்மா என்றும் இருந்ததே தவிர, டார்கஸ் என்று ஒன்றிலும் இல்லை.

ஜெத்ரோ வேல் இரண்டு வருடத்துக்கு முன்பு மாடி அறைக்கு வந்தான். காலணி தைக்கிறவன். இருபத்தாறு வயது. சன்னலோரம் உட்கார்ந்து, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, குத்தூசியால் தோலில் வரிசையாகத் துளை போடுவான். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள இடைவெளி மயிரிழைகூட மாறாது. வந்த மூன்றாம் வாரம் நான் கேட்காமலே என் பழைய காலணிகளை எடுத்துக்கொண்டுபோய் இடது பக்கத்து அடித்தோலை மட்டும் தடிமனாக்கிக் கொண்டுவந்தான்.

"நீங்க இடது கால்ல சாஞ்சுதான் நடக்கிறீங்க, பிளைத்தம்மா. கூடை தூக்கித் தூக்கி அப்படி ஆயிடுச்சு. இனிமே வலிக்காது பாருங்க."

வலிக்கவில்லை. நான் எப்படி நடக்கிறேன் என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அவனிடம் நான் என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்டீர்கள். எதுவும் எதிர்பார்க்கவில்லை. அவன் சாப்பிடும்போது நான் நின்றுகொண்டிருப்பேன். இரண்டாவது தடவை போடும்போது வேண்டாம் என்பான், போட்டால் சாப்பிட்டுவிடுவான். பிளைத்தம்மா என்று கூப்பிடாதே, டார்கஸ் என்றே கூப்பிடு என்று ஒருநாள் சொன்னேன். அவன் சிரித்தான். "அய்யோ, என் அம்மா உயிரோட இருந்திருந்தா என் காதைத் திருகியிருப்பா," என்றான்.

செலினா, வைக்கோல் தொப்பி பின்னுகிற பெண். அத்தையோடு டெப்ட்ஃபோர்டில் இருந்தாள். பின்னிய தொப்பிகளை இங்குள்ள தொப்பிக் கடைக்குக் கொடுக்க வரும்போது ஜெத்ரோவோடு பழக்கம். ஜெத்ரோ அவளுக்கு ஒரு ஜோடி காலணி தைத்தான், கணுக்காலில் குறுக்காக ஒரு பட்டை வைத்து. சென்ற வருடம் தவக்காலத்துக்கு முன் திருச்சபையில் அவர்கள் இருவருக்கும் கல்யாண ஓலை வாசித்தார்கள். முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு. மூன்று வாரமும் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஈஸ்டர் முடிந்து கல்யாணம், அதன்பிறகு அத்தை வீட்டுக்கே குடிபோவதாகச் சொன்னான்.

"உங்க களிக்காகவே மாசத்துல ஒரு நாள் வருவேன், பிளைத்தம்மா," என்றான்.

"வரணும்," என்றேன்.

மூன்றாம் ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை என் கணவரின் வெள்ளிக் கடிகாரம் அலமாரியில் இல்லை. கான்ஸ்டபிளைக் கூப்பிட்டேன். வீடு முழுவதும் தேடினார்கள். ஜெத்ரோவின் கருவிப் பெட்டியில், தோல் துண்டுகளுக்கு அடியில் இருந்தது. நீதிமன்றத்தில் என்னைக் கேட்டார்கள். கடிகாரம் என்னுடையது என்றேன், பெட்டி அவனுடையது என்றேன். இரண்டும் உண்மைதான். ஒரு முட்டை வேகிற நேரத்தில் வழக்கு முடிந்துவிட்டது. ஏழு வருடம், கடல் கடந்து.

மறுநாளே கூடையோடு போனேன். எனக்கு எதிரில் வரவே கூசுவானோ என்று நினைத்தேன். அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

"யாரோ வேணும்னே வெச்சிருக்காங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பார்த்ததைத்தானே சொன்னீங்க? அழாதீங்க, பிளைத்தம்மா."

பக்கத்தில் இருந்த கிழட்டுத் திருடன் ஒருவன் சிரித்தான். "டேய் செருப்புக்காரா, உள்ள தள்ளினவ கையால சாப்பிட்டு, அவளையே தேத்துறியா? உன்னை மாதிரி முட்டாளை அந்தக் கரையில ஆடுகூட மேய்க்கும்."

"வாயை மூடு. அவங்க எனக்கு அம்மா மாதிரி," என்றான் ஜெத்ரோ.

ஒரு வாரம் கழித்து அவன் கேட்டான், "ஒரு பெரிய பென்னி கிடைக்குமா?"

அந்தக் கேள்விக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. கல்லாவில் இருந்த பெரிய பென்னிகளையெல்லாம் கொட்டி, விளிம்பு தேயாத ஒன்றைப் பொறுக்கினேன். அடிப்பதற்கு என் சமையலறைச் சுவரிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போனேன். அவன் தரையில் உட்கார்ந்து தேய்ப்பதைத் தினமும் பார்த்தேன். மன்னரின் மூக்கு போயிற்று. இலை போயிற்று. விரல் நுனியெல்லாம் செம்புப் பொடி.

"யாருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முடியட்டும். உங்ககிட்டதானே தரப்போறேன்," என்றான்.

உங்ககிட்டதானே தரப்போறேன். இதை அவன் சொன்ன விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை கொடுத்தான். துணியில் சுற்றியிருந்தது. ஒரு பக்கம் இரண்டு ஜோடிக் காலணிகள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது, பக்கத்தில் பக்கத்தில். மறுபக்கம் பெயர். தோலில் துளை போடுகிற மாதிரியே புள்ளி புள்ளியாக அடித்திருந்தான். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் மயிரிழைகூட மாறவில்லை. செலினா, வா. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் வேகவேகமாகச் சொன்னான். தீர்ப்பு வந்த அன்று அவன் வெட்கத்தில் செலினாவை இனிமேல் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். 'மனசு மாறினா ஒரு பென்னி அனுப்பறேன். பென்னி வந்தா வா. வரலைன்னா என்னை மறந்துடு,' என்று சத்தியம் வாங்கிக்கொண்டானாம். இப்போது பாதிரியாரிடம் பேசிவிட்டான். ஓலை மூன்று வாரமும் வாசித்தாயிற்று, ஆகவே நாளை வியாழக்கிழமை சிறைக் கோயிலிலேயே கல்யாணத்தை முடித்துவைக்கச் சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்து அவர்களை உல்விச்சில் நிற்கும் கைதிக் கப்பலுக்குக் கொண்டுபோய்விடும். மனைவி என்று ஆகிவிட்டால், பின்னால் அரசாங்கச் செலவிலேயே அந்தக் கரைக்கு வர அவள் மனுப் போடலாம். மனைவி ஆகாவிட்டால் ஒன்றும் இல்லை.

"இன்னைக்கே குடுத்துடுவீங்களா, பிளைத்தம்மா? டெப்ட்ஃபோர்டுக்கு நடந்தா மூணு மணி நேரம்கூட ஆகாது. உங்க காலுக்குத்தான்..."

"காலு இப்ப வலிக்கிறதில்லப்பா," என்றேன். "நீதான் சரி பண்ணிட்டியே."

வீட்டுக்கு வந்தேன். அப்பம் சுட்டேன். அன்று கூட்டம் அதிகம்.

மறுநாள் காலை அவன் சவரம் செய்துகொண்டு நின்றான். யாரோ கொடுத்த கழுத்துத் துணியைக் கட்டியிருந்தான். பாதிரியார் பதினோரு மணிவரை காத்திருந்தாராம். நான் பதினொன்றரைக்குப் போனேன். அவனுக்குப் பிடித்த கொழுப்புக் களியைத் திராட்சை போட்டுச் செய்துகொண்டுபோனேன். அவன் என் முகத்தையே பார்த்தான்.

"குடுத்தேன்," என்றேன். "வாங்கிப் பார்த்தா. திருடனுக்காக யாரு கடலைத் தாண்டுவாங்கன்னு கேட்டா. அப்புறம் பென்னியைத் திருப்பிப் பார்த்துட்டு, இப்படித் தேச்சுட்டானே, இதைக் கடையில வாங்குவாங்களான்னு கேட்டா."

இதை நான் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். பெரிதாகச் சொன்னால் நம்பமாட்டான். கடையில் வாங்குவார்களா என்பது சின்ன விஷயம். சின்ன விஷயத்தை யாரும் கற்பனை செய்து சொல்லமாட்டார்கள் என்று நினைப்பான். நம்பினான். அந்தக் கழுத்துத் துணியை மெதுவாக அவிழ்த்து, மடித்து, சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு உட்கார்ந்து களியைச் சாப்பிட்டான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முழுவதையும் சாப்பிட்டான், ஐயா. வேண்டாம் என்று சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை வண்டி வந்தபோது தெருவில் நின்று கையசைத்தேன். அவன் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. வெயில் கண்ணில் பட்டிருக்கும்.

சனிக்கிழமை செலினா வந்தாள். ஞாயிறு முதல் தொப்பியை மாட்டிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். அத்தை வைது தீர்த்தாளாம்.

"பென்னி குடுத்தானா?"

"இல்லையேம்மா."

"வேற யார்கிட்டயாவது குடுத்திருப்பானா?"

"என்னைத் தவிர அவனுக்கு இங்க யாரு இருக்கா?"

அவள் அழவில்லை. கிண்ணத்தை நான் நீட்டியபோது வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். போக இடமில்லை என்றாள். வேலை கொடுத்தேன். மாடியில் ஜெத்ரோவின் அறையையே கொடுத்தேன். பத்து மாதம் என்னோடு இருந்தாள். பாத்திரம் துலக்கும்போது, "அப்படி என்ன தப்புப் பண்ணிட்டேன், பிளைத்தம்மா? ஒரு பென்னிதானே எதிர்பார்த்தேன்," என்பாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுப்பேன். வேறு யார் செய்வார்கள்? அவளிடம் கேட்டுப் பாருங்கள். நான் ஒருநாள்கூடக் கடிந்து பேசியதில்லை.

பெயர் இருந்த பக்கத்தை நான் தேய்த்தேன். கடை வாசற்கல்லில், மணல் போட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை. காலணிகள் இருந்த பக்கத்தைத் தொடவில்லை. அது நன்றாகவே இருந்தது. பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் பொத்தான்களில் பூ செதுக்குகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல முன்னாடி இருந்தது உளியால செதுக்கினதா, ஆணியால அடிச்சதாம்மா?"

"எதுவா இருந்தா என்ன?"

"உளியால செதுக்கினா செம்பு வெளிய வந்துடும். தேச்சா போச்சு. ஆணியால அடிச்சா செம்பு எங்கயும் போகாது, உள்ளயே இறுகி உக்காந்துக்கும். மேல தேச்சுட்டாலும் நாளாக நாளாக அந்த இடம் மட்டும் வேற மாதிரி கறுக்கும். அப்புறம் வந்து என்னைக் கேக்கக்கூடாது."

"கேக்கமாட்டேன். டார்கஸ்னு போடுங்க," என்றேன். "பக்கத்துல ஒரு குருவி."

மிக அழகாகச் செய்துகொடுத்தார். துளை போட்டுக் கயிற்றில் கோத்து உள்ளே அணிந்துகொண்டேன். கோடை முழுவதும் பளபளவென்று இருந்தது. குளிர் தொடங்கிய பிறகுதான் எழுத்துகளுக்கு நடுவில் ஏதோ புள்ளிகள் தெரிந்தன. வியர்வை என்று நினைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கத் தெளிவாயிற்று. உண்மையைச் சொல்கிறேன், அந்த மாதம் நான் அதைக் கண்ணாடியில் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது அந்தப் பட்டாணிக்கு வருகிறேன். முடிச்சை அவிழ்க்கக் கொப்பரைமேல் குனிந்தேன். கயிறு சட்டைக்குள்ளிருந்து வழுக்கி வெளியே வந்து, நாணயம் ஆவியில் தொங்கியது. அது கொப்பரையில் விழப்போகிறது என்று நினைத்துச் செலினா கையை நீட்டிப் பிடித்தாள். உதவி செய்யத்தான் பிடித்தாள். விரலால் ஈரத்தைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"இது எம்பேரு," என்றாள்.

"டார்கஸ்னு எழுதியிருக்கு, பாரு."

"அதுக்கு அடியில."

திருப்பிப் பார்த்தாள். சின்னக் காலணியின் கணுக்காலில் குறுக்காக ஒரு பட்டை இருந்தது. அவள் தன் காலைப் பார்த்தாள். அதே காலணியைத்தான் போட்டிருந்தாள். வேறு அவளிடம் கிடையாது.

"எப்ப குடுத்தான்?"

"புதன்கிழமை."

"எந்தப் புதன்கிழமை?"

"அதே புதன்கிழமைதான்," என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் என் மகள் மாதிரி இருந்தவள்.

அவள் கயிற்றை என் கழுத்திலிருந்து கழற்றினாள். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். பிறகு அவள் முதலில் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். அடி பிடிக்கக்கூடாதே. அதன்பிறகுதான் தொப்பிகூடப் போடாமல் எதிர்வாசலுக்குப் போய்ப் பக்கிளைக் கூப்பிட்டாள். மற்றவை எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

நாணயங்களைத் திருடியதற்குத்தான் என்மேல் வழக்கு என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒன்றை ஏன் தேய்த்தாய் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கடிகாரத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. அன்று நீதிமன்றத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கடிகாரத்தை அந்தப் பெட்டியில் நான்தான் வைத்தேன். திங்கட்கிழமை, அவன் தோல் வாங்கப் போயிருந்தபோது. தோல் துண்டுகளை எடுத்து, வைத்து, மறுபடியும் அவன் அடுக்கியிருந்த வரிசையிலேயே அடுக்கினேன்.

கோபத்தில் செய்யவில்லை. இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். டெப்ட்ஃபோர்டுக்குக் குடிபோகிற ஆண் யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை. மாதம் ஒரு நாள் வருவேன் என்பான், பிறகு வருடம் ஒரு நாள், பிறகு தெருவில் பார்த்தால் தொப்பியைத் தூக்குவான். அந்த வாசல் வழியாகப் போகிறவர்கள்தான் எழுதுகிறார்கள். பன்னிரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். மனைவியை அடித்துக் கையை ஒடித்தவன்கூட அங்கே உட்கார்ந்து அவள் பெயரைச் செதுக்கி அழுதிருக்கிறான். அப்படியானால் ஜெத்ரோவைப் போன்ற நல்ல பையன், தனக்கு இரண்டு வேளையும் சோறு போட்டவளை நினைக்காமல் இருப்பானா? நினைத்தான். என்னிடம்தான் பென்னி கேட்டான். என்னிடம்தான் கொடுத்தான்.

அவன் ஜூலை மாதமே நடுக்கடலில் இறந்துவிட்டதாகக் கப்பல் மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று நேற்று படித்துக் காட்டினீர்கள். காய்ச்சல் இல்லை, அடி இல்லை, சாப்பாட்டைத் தொடவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தான் என்று இருந்தது. செலினா அதைக் கேட்டு நாற்காலியோடு சாய்ந்தாள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. கப்பலில் காய்ந்த ரொட்டியும் உப்புக்கண்டமும்தான் போடுவார்கள். என் கைச்சாப்பாட்டுக்குப் பழகிய வாய் அது.

நாணயம் அதோ உங்கள் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துச் சன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். காலணிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, பாருங்கள். மறுபக்கம், அடியில், புள்ளி புள்ளியாக என்னமோ தெரியும். செம்பு அப்படித்தான், குளிரில் கறுக்கும். அதைப் பொருட்படுத்தாதீர்கள், ஐயா. மேலே இருப்பது என் பெயர்தான்.